செட்டிநாட்டில் எடுக்கும் சிறு படத்துக்கு இசையை எங்கே, எப்போது அமைப்பது?

நண்பர் ஒருவர், கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள ஓர் ஊரில், பங்காளிகள் கூடிப் பெரிய வீட்டின் பூட்டிய அறைகளைத் திறந்து சாமான்களைப் பிரித்துக்கொள்ளும் கதையைத் தொண்ணூறு நிமிடப் படமாக எடுக்கத் தீர்மானித்தார். இசைக்கென்று தம்மால் ஒதுக்க முடிந்த தொகையைச் சொல்லிவிட்டு, அதை எப்படிச் செலவிடுவது என்ற முடிவை என்னிடமே விட்டுவிட்டார். சென்னையில் நல்ல ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றைச் சில நாள்கள் வாடகைக்கு எடுத்து, வாத்தியக்காரர்களுக்கு முறையான சம்பளமும் கொடுத்தால் அத்தோடு தீர்ந்துவிடும் தொகை அது. பெரிய படங்களில் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு வேண்டாததைத் தள்ளிவிட முடியும். சிறு படத்தில் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தால் மற்றொன்று கையை விட்டுப் போய்விடும் என்பதால், எதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காமல் போகும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படி எண்ணியதையும், செய்து பார்த்தபின் தெரிந்துகொண்டதையும் இதே முடிவின் முன் நிற்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. படம் முழுவதும் எடுத்து, படத்தொகுப்பும் முடிந்து, இனி ஒரு ஃபிரேம்கூட மாறாது என்று பூட்டிய பிறகு, சென்னையில் என் அறையில் கணினியையும், வாத்திய ஒலிகளை முன்பே பதிந்து வைத்த சாம்பிள் தொகுப்புகளையும் வைத்துக்கொண்டு ஆர்.ஆர். என்னும் பின்னணி இசையைச் செய்வது ஒரு வழி. படப்பிடிப்புக்கு முன்பே ஊருக்குப் போய்த் தங்கி, கதையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மெட்டுகளைத் தேடுவது இன்னொரு வழி. அந்த வட்டாரத்தின் நாகசுர, தவில் கலைஞர்களையும் தாலாட்டுப் பாடத் தெரிந்த பெண்களையும் அந்த வீட்டிலேயே பதிவு செய்து, அதையே படத்தின் இசையாக்குவது மூன்றாவது. இசையே வைக்காமல் வீட்டின் ஒலிகளைக் கொண்டு மட்டும் படத்தை நடத்துவது நான்காவது. இவற்றை எடைபோட இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொண்டேன். படத்தொகுப்பு மாறினால் இந்த இசை தாங்குமா என்பது முதலாவது. இந்த இசையைத் தூக்கி வேறொரு படத்தில் வைத்தால் அங்கேயும் பொருந்திவிடுமா என்பது இரண்டாவது. பொருந்திவிடும் என்றால் அது இந்தப் படத்துக்காகப் பிறந்த இசை ஆகாது.

முதல் வழியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, ஏனென்றால் பல ஆண்டுகளாக எனக்குச் சோறு போட்டது அதுதான். முதல் அளவுகோலில் அதை மிஞ்ச எதுவும் கிடையாது. திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம்களில் ஓடுகிறது என்பதால், நிமிடத்துக்கு 60 அடி என்ற காலப்பிரமாணத்தில் ஓர் அடிக்கு 24 ஃபிரேம்கள் வரும். 72 அடி என்றால் 20, 80 என்றால் 18, 90 என்றால் 16, 96 என்றால் 15, 120 என்றால் 12. அதாவது 1440-ஐ அடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் ஃபிரேம்களில் கிடைத்துவிடும். அறையின் பூட்டு திறக்கும் ஃபிரேமில் தாளத்தின் சமம், அதாவது முதல் அடி, விழ வேண்டுமானால், இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு காலப்பிரமாணத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். பூட்டியாயிற்று என்று சொன்ன படத்தொகுப்பும் சிறு படங்களில் அடிக்கடி திறந்துகொள்ளும். திரைப்பட விழா ஒன்றுக்காக நீளத்தைக் குறைக்கச் சொல்வார்கள், அல்லது முன்னோட்டம் பார்த்த நண்பர்கள் ஒரு காட்சி இழுக்கிறது என்பார்கள். கணினியில் செய்த இசை அப்போது பத்து நிமிட வேலையில் தன்னைத் திருத்திக்கொள்ளும். மனிதர்கள் வாசித்துப் பதிந்த இசையை அறுத்துத்தான் ஒட்ட வேண்டும், ஒட்டிய இடம் காதில் தட்டும்.

இரண்டாவது அளவுகோலில்தான் இந்த வழி தோற்கிறது. தோற்பதற்குச் சாம்பிள்கள் மட்டும் காரணமல்ல. படம் நம் கைக்கு வருவதற்குள் இயக்குநரும் படத்தொகுப்பாளரும் மாதக்கணக்கில் ரெஃபரன்ஸ் என்று வேறு யாருடைய இசையையோ காட்சிகளின் கீழே வைத்து வெட்டியிருப்பார்கள். அந்த இசையின் மூச்சுக்கேற்பவே வெட்டுகள் விழுந்திருக்கும். அதை எடுத்துவிட்டு நம்முடையதை வைத்தால், அவர்களுக்கு ஏதோ குறைவதுபோல் இருக்கும். குறைவது பழக்கம்தான் என்றாலும் அதை அவர்களுக்கு விளங்கவைப்பது கடினம். கடைசியில் அந்த அந்நிய இசையின் நிழலைத்தான் நாம் எழுதிக் கொடுக்கிறோம். சாம்பிள்களின் குறை வேறு வகையானது. நாகசுரத்தையும் வீணையையும் விசைப்பலகையில் வாசிக்கும்போது சுரங்கள் கிடைக்கின்றன, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி கிடைப்பதில்லை. நம் இசையில் ராகம் வாழ்வது அந்த வழியில்தான். மேல்நாட்டு அரங்கங்களில் பதிந்த வயலின் கூட்டத்தை வளவு என்னும் நடு முற்றத்தின் தூண்களுக்குப் பின்னால் ஒலிக்கவிட்டால், கண் ஒரு வீட்டில் இருக்கிறது, காது வேறொரு கட்டடத்தில் இருக்கிறது.

ஆகவே முதலில் ஊருக்குப் போவது என்று முடிவு செய்தேன். நான் காரைக்குடியில் பிறந்தவன் என்பதால் இது தேவையில்லாத செலவு என்று வீட்டில் சொன்னார்கள். பிறந்த ஊர் என்பதே தடையாக இருக்கும் என்பது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டைக் கேட்பதற்குப் பதிலாக என் நினைவைத்தான் முதல் இரண்டு நாள்களும் கேட்டுக்கொண்டிருந்தேன். காரைக்குடி என்றதும் வீணை வரவேண்டும் என்று இயக்குநருக்கு ஓர் ஆசை; சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்னும் சகோதரர்களால் அந்த ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாத்தியம் அது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்குக் கொடுத்த வடிவம் இன்றும் மேடைகளில் நிற்கிறது என்பதும் எனக்குப் பெருமைதான். ஆனால் இவை ஊரின் புகழிலிருந்து வரும் காரணங்கள். பித்தளைத் தவலைக்காகப் பங்காளிகள் வாய்த் தகராறு செய்யும் படத்துக்கு வீணை ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, அதனால் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில்தான் வேலை தொடங்கியது. ரெக்கார்டரைக் கையில் வைத்துக்கொண்டு, முகப்பிலிருந்து அடுப்படி வரை ஒவ்வோர் இடத்திலும் நின்று ஒருமுறை கைதட்டிப் பதிந்துகொண்டே போனேன். உயரமான கூரையும் வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் கொண்ட முகப்பில் ஒரு தட்டு நெடுநேரம் சுழன்றுவிட்டு அடங்கியது. வளவில் அதே தட்டு தூண்களில் ஒருமுறை மோதிவிட்டு, திறந்த வானத்தின் வழியாக மேலே போய்விட்டது. வளவைத் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒலி மங்கலாக விழுந்தது. பிறகு பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்தார்கள். உள்ளே அண்டா, தவலை, குத்துவிளக்கு, மங்குச் சாமான் என்று சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். அங்கே கைதட்டியபோது, தட்டின் ஒலி நின்ற பிறகு, அடுக்கியிருந்த பாத்திரங்களில் சில தம் சுருதியில் மெல்ல முனகின. ஒரு பொருளின் இயல்பான அதிர்வும் வரும் ஒலியின் அதிர்வும் ஒத்துப்போனால் அது தானே ஒலிக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனாலும் யாரும் தொடாத பாத்திரம் பதில் சொன்னதைக் கேட்டபோது படத்தின் இசை எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் நின்று மனிதர்கள் பேசும்போதெல்லாம் பேச்சுக்குப் பின்னால் பாத்திரங்கள் ஒலிக்க வேண்டும், பேச்சு உரத்தால் அதுவும் உரக்க வேண்டும், அறை காலியாகக் காலியாக அந்தப் பதில் குறைந்து கடைசியில் இல்லாமல் போக வேண்டும். சென்னையில் என் அறையில் உட்கார்ந்து எத்தனை மாதம் யோசித்திருந்தாலும் இது எனக்கு வந்திருக்காது.

அந்தப் பாத்திரங்களையே வாத்தியமாக்கினோம். ஒவ்வொன்றையும் துணி சுற்றிய குச்சியால் மென்மையாகவும், விரல் முட்டியால் சற்று அழுத்தமாகவும், நீர் ஊற்றியும் ஊற்றாமலும் தட்டிப் பதிந்தோம். ஜலதரங்கக் கிண்ணங்களைப் போல, நீர் கூடக்கூடத் தவலையின் சுருதியும் இறங்கும். நொடிக்கு 96,000 மாதிரிகள் எடுக்கும் 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்துகொண்டது பின்னால் பெரிதும் உதவியது. ஒலியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினாலும், காதுக்கு எட்டாமல் மேலே இருந்த அதிர்வுகள் கீழே வந்து நிரப்பிக்கொள்வதால் அது மொண்ணையாகிப் போகவில்லை. இப்படி நாமே செய்துகொள்ளும் சாம்பிள்கள் முதல் வழியின் வசதியையும் இரண்டாம் வழியின் பிறப்பையும் ஒருங்கே தருகின்றன: விசைப்பலகையில் வாசிக்கலாம், படத்தொகுப்பு மாறினால் திருத்தலாம், வேறு எந்தப் படத்திலும் கொண்டுபோய் வைக்க முடியாது.

வீட்டின் எதிரொலியையும் அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம் என்பதை அறியாத இளம் இசையமைப்பாளர்கள் பலர் இருப்பதால் அதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விடியலுக்கு வெகுமுன், மயில்கள் அகவத் தொடங்குவதற்குள், மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, காட்சி நடக்கும் இடத்தில் ஒரு பெரிய பலூனை உடைத்து, கேட்பவர் நிற்கும் இடத்தில் இரண்டு மைக்குகளை வைத்துப் பதிய வேண்டும். கன்வல்யூஷன் ரிவெர்ப் என்னும் மென்பொருளில் அந்தப் பதிவைக் கொடுத்தால், பிறகு எங்கே பதிந்த ஒலியையும் அந்த முகப்பில் ஒலித்ததுபோல் மாற்றிக் கொடுக்கும். பலூனுக்குப் பதிலாக, தாழ்ந்த அதிர்விலிருந்து உயர்ந்த அதிர்வு வரை ஏறும் ஒரு நீண்ட ஒலியை ஒலிபெருக்கியில் விட்டுப் பதிந்து மென்பொருளில் பிரித்தெடுத்தால் இன்னும் சுத்தமாக வரும். ஒரே ஒரு அதிகாலைப் பொழுதுக்குள் அந்த வீட்டின் ஐந்து இடங்களைப் பிடித்துவிட்டோம். நான்கு வழிகளிலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்த வேலை இதுதான். வேறு எதற்கும் பணமில்லாதவர்களும் இதைச் செய்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

மெட்டு கிடைத்த விதம் வேறு. படத்தில் முதியவள் ஒருத்தி தொட்டிலைப் பிரித்துக் கொடுக்கும் காட்சிக்காக நீலாம்பரியில் ஒன்றைச் சென்னையிலேயே போட்டு வைத்திருந்தேன். தாலாட்டு என்றால் நீலாம்பரி என்பது நம் கை பழகிய வழி. பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி, பழைய பாட்டுகள் நிறையத் தெரிந்தவர் என்றார்கள். போய் ஒப்பாரி ஒன்று பாட முடியுமா என்று கேட்டேன், ஏனென்றால் கடைசிக் காட்சிக்கு அதுதான் வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அவர் முகம் மாறியது. "வீட்டுக்குள்ள அதைப் பாடக் கூடாது தம்பி. ஆகாது. வேணும்னா தாலாட்டுப் பாடுறேன், எடுத்துக்க" என்றார். "தப்பா கேட்டுட்டேன், தாலாட்டே போதுங்க ஆச்சி" என்று மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, வலக்கையால் இல்லாத தொட்டிலை ஆட்டியபடி பாடினார். மாமன் கொண்டுவரும் சீரை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போன அந்தப் பாட்டு நான்கு சுரங்களுக்குள் நின்றது. ஒவ்வோர் அடியின் கடைசிச் சுரமும் இறங்கி, சற்று நடுங்கி, மூச்சோடு கலந்து நின்றது. அந்த இறக்கத்தை ஒப்பாரியிலும் கேட்டிருக்கிறேன். கேட்டது கிடைக்காமல் போனதாலேயே கடைசிக் காட்சிக்குத் தாலாட்டு வந்தது. நீலாம்பரியை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

இந்த மண்ணுக்கு ஒலிப்பதிவு புதிதன்று என்பதும் அந்த நாள்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தது. கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து படத்துறைக்குப் போன ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். நடிப்பவர் வேறு, பாடுபவர் வேறு என்னும் பின்னணிப் பாடல் முறையை 1938-இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். போர்க்காலத்தை ஒட்டிக் காரைக்குடியில் கூடம் அமைத்து அவர் எடுத்த ‘நாம் இருவர்’ 1947-இல் வெளிவந்தது. அதன்பிறகு கூடம் சென்னை வடபழனிக்குப் போனது. பிரித்துப் பதிந்து பின்னால் சேர்க்கும் வசதியைத் தமிழ்ப் படத்துக்குக் கொடுத்தவரின் ஊரில் உட்கார்ந்து, பிரிக்காமல் வீட்டோடு சேர்த்துப் பதிய முயல்கிறோமே என்று தோன்றியது. இரண்டுக்கும் அதனதன் இடம் உண்டு.

ஊருக்கு முன்கூட்டியே போவதில் இழப்பும் உண்டு. நான் பத்து நாள்கள் தங்கினேன். அந்தப் பத்து நாளும் சென்னையில் வந்திருக்க வேண்டிய விளம்பர வேலைகள் போயின. எடுக்காத காட்சிக்கு எழுதிய மெட்டின் நடையும், நடிப்பவர் பின்னால் நடந்த நடையும் பல இடங்களில் சேரவில்லை. எழுதிய ஏழு துண்டுகளில் படத்தில் நின்றவை இரண்டு. இன்னோர் ஆபத்து வீடுகளின் அழகு. பர்மாத் தேக்குத் தூண்களையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் பார்த்த மயக்கத்தில் இசையும் அலங்காரமாகிவிடும். கண்ணுக்கு இவ்வளவு இருக்கும் இடத்தில் காதுக்குக் குறைவாகக் கொடுப்பதே சரி என்பது என் தீர்மானம்.

மூன்றாம் வழியைப் பற்றிப் பேசும்போது என் பழைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்கு முந்தைய படத்தில், உள்ளூர்க் கலைஞர்களைப் பதியப் போகிறோம் என்ற உற்சாகத்தில், படப்பிடிப்பு தொடங்கும் முன்பே நாகசுரம், தவில் இரண்டையும் வரவழைத்து மூன்று மணி நேரம் பதிந்தேன். அருமையான வாசிப்பு. படத்தொகுப்பு முடிந்தபோது நாற்பது நொடிக்குமேல் அதற்கு இடம் கிடைக்கவில்லை. பாதித் தொகை அதில் போயிருந்தது. கலைஞர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பல நாள் அவர்களைச் சந்திக்கவே கூசினேன். வாத்தியங்களை முதலில் பதிவது, வீடு கட்டுமுன் கதவு செய்து வைப்பதற்கு ஒப்பு.

நாகசுரத்தை எடுத்துக்கொண்டால் சுருதிப் பிரச்சினை தனியாக இருக்கிறது. கணினியில் உள்ள எல்லாம் 440 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டு சமமாகப் பிரித்த சுரங்கள். பாரி நாகசுரம் அந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளியில் உதட்டின் அழுத்தமும், துளையைப் பாதி மூடும் விரலும் சேர்ந்துதான் அதில் சுரம் பிறக்கிறது. அதோடு, காற்று வாத்தியம் எதுவானாலும் வாசிக்க வாசிக்கச் சூடேறிச் சுருதி மேலே போகும். அன்றைய பதிவில் முதல் அரைமணி நேரத்துக்குள் இரண்டரைக் கட்டைக்குச் சற்று மேலே போய் நின்றது. வித்துவானை நம் சுருதிக்கு இழுப்பது தவறு. அவர் வாசித்த பிறகு, கணினியில் உள்ளவற்றைச் சில சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏற்றி அவரோடு சேர்ப்பதே முறை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். ஒலியளவு அடுத்த சிக்கல். கோயில் பிராகாரத்துக்கும் வீதிக்குமாக வளர்ந்த வாத்தியத்தை அறைக்குள் பக்கத்தில் மைக் வைத்துப் பதிந்தால் கூர்மை மட்டுமே கிடைக்கும். கலைஞர் முகப்பில் நிற்க, மைக்கை இரண்டாம் கட்டில் வைத்துப் பதிந்தபோது, தெருவில் யார் வீட்டிலோ கல்யாணம் நடப்பதுபோல் வந்தது. ஆட்கள் வராத வீட்டுக்குள் பக்கத்துத் தெருவின் மங்கல ஒலி எட்டிப் பார்ப்பது இந்தப் புதிய படத்துக்கும் வேண்டியிருந்ததால் அந்த முறையையே மறுபடியும் பின்பற்றினேன்.

நாள் பார்ப்பதும் இந்த வழியில் முக்கியம். முகூர்த்த நாள்களில் நல்ல நாகசுரக் குழு கிடைக்காது. கலைஞர்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஆடியில் அம்மன் கோயில்களின் ஒலிபெருக்கிகள் பதிவுக்கு இடம் கொடுக்காது. மாசி, பங்குனியில் மாரியம்மன் திருவிழா. மார்கழியில் விடியற்காலைப் பாடல்கள். எனக்குப் புரட்டாசியின் நடுப்பகுதி ஒத்துவந்தது, மழை தொடங்கிவிடும் என்ற அச்சத்தோடு.

நான்காம் வழியை நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை என்றாலும் அது மதிக்கத்தக்க வழி. படப்பிடிப்பின்போதே அங்கேயே பதியும் சிங்க் சவுண்டை நன்றாக எடுத்திருந்து, நடிப்பும் நிற்கிறது என்றால், பல காட்சிகளுக்கு இசை தேவையே இல்லை. நாங்கள் தொண்ணூறு நிமிடத்தில் ஐம்பது நிமிடத்துக்குமேல் இசையின்றி விட்டோம். ஆனால் முழுப் படத்தையும் அப்படி விட்டால், பாத்திரங்கள் பதில் சொல்லும் அந்த ஒரு எண்ணத்தை ஒலிக்கலவைப் பொறியாளரின் கையில் விட்டதாகிவிடும். அது மெட்டாக வளர வேண்டிய இடத்தில் வளராது.

எந்த வழியில் போனாலும் உரிமை விஷயத்தைத் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். செட்டிநாட்டுப் படம் என்றால் பழைய வானொலிப் பெட்டியில் ஒரு பழைய பாட்டு ஓட வேண்டும் என்று இயக்குநர்கள் ஆசைப்படுவார்கள். பாட்டு பழையது என்பதால் இலவசமாகிவிடாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டைத் தொடர்ந்து 60 ஆண்டுகள் நிற்கிறது. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை அவர்கள் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நிற்கிறது. இரண்டுக்கும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும். பாரதியின் படைப்புகளே 1949-இல் நாட்டுடைமையாவதற்கு முன், அவற்றைப் பாடிப் பதியும் உரிமை தனியார் கையில்தான் இருந்தது. சிறு படத்துக்கு அந்தக் காலத்துச் சாயலில் புதிதாக ஒன்றை நாமே எழுதிக்கொள்வதுதான் கட்டுப்படியாகும். அதைப் பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி வழியாகவே விட்டு மறுபடி பதிந்தால் போதும்.

ஆச்சி பாடியதைப் போன்ற வாய்மொழிப் பாட்டுக்கு எழுதியவர் உரிமை என்று ஒன்று இல்லாமலிருக்கலாம். ஆனால் பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. அவருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, படித்துக் காட்டி, பணத்தைக் கையில் கொடுத்த பிறகே பதிவைப் படத்தில் வைத்தோம். பாட்டில் வந்த தம் பிறந்த வீட்டுப் பெயர்களை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டோம். இசையமைப்பாளர்கள் தங்களுக்காகவும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012-இல் வந்த திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு ஒலிப்பதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தும்கூட இழக்க முடியாது. சம்பளம் குறைவான சிறு படத்தில் இது பெரிய விஷயம்.

ஆக, நான்கில் ஒன்றை மட்டும் எடு என்றால், படத்தொகுப்பு இன்னும் பலமுறை மாறும் என்று தெரிந்த படத்துக்கு முதல் வழியையும், நடிப்பிலும் சிங்க் சவுண்டிலும் நம்பிக்கை உள்ள படத்துக்கு நான்காவதையும் சொல்வேன். ஆனால் எங்கள் படத்துக்கு நான் தேர்ந்தது இவற்றின் வரிசையை. படப்பிடிப்புக்கு முன் ஊருக்குப் போய் வீட்டையும் பாத்திரங்களையும் ஆச்சியின் குரலையும் பதிந்துகொண்டு, முதல் வெட்டுக்கு ரெஃபரன்ஸ் இசையாக அந்தப் பதிவுகளையே படத்தொகுப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். வேறு யாருடைய இசையும் காட்சிகளின் கீழே போகவில்லை. படம் பூட்டிய பிறகு சென்னையில் ஐந்து வாரம் உட்கார்ந்து, அந்தத் தவலை ஒலிகளைக் கொண்டு முழு ஆர்.ஆரையும் முடித்தேன். அதன் பிறகே, நாகசுரம் எந்த இரண்டு காட்சிகளில் எத்தனை நொடிக்கு வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த நிலையில், ஒரே நாள் பதிவுக்காக மறுபடியும் ஊருக்குப் போனோம். தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வாத்தியப் பதிவுக்குச் செலவானது. கலைஞர்களுக்குக் கேட்டதற்கு மேலே கொடுக்கவும் முடிந்தது.

அந்தப் பதிவு முடிந்த மாலையில் ஆச்சியின் வீட்டுக்குப் போய், தொட்டில் காட்சியை மடிக்கணினியில் போட்டு ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். தம் குரலைக் கேட்டுவிட்டு, "பின்னால என்னமோ இழுக்குதே, அது என்ன?" என்றார். அறையில் இருந்த தவலை என்றேன். எந்தத் தவலை என்று கேட்டார். நீர் ஊற்றித் தட்டிய பெரியதைச் சொன்னேன். இன்னொரு முறை போடச் சொல்லி, அந்த ஒலி வரும் இடத்தில் கையை உயர்த்திக் காட்டினார். மறுநாள் அதிகாலைப் பல்லவன் ரயிலில் சென்னை திரும்பும்போது, அவர் கை காட்டிய இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். கடைசி மிக்ஸிங்கில் அந்த ஒலியை அங்கே அரை டெசிபெல் கூட்டினோம்.